ராகியில் கால்சியம் 8-ஆ, 344-ஆ, 364-ஆ?

கேள்வி: பாலக்கோட்டில் வீட்டிலேயே ராகி மாவு, மாங்காய்த் தொக்கு, கொட்டை எடுத்த புளி பாக்கெட் போட்டு ஓசூர் கடைகளுக்குக் கொடுக்கிறேன். 100 கிராம் ராகியில் கால்சியம் எவ்வளவு என்று தேடினால் ஒரு தளம் 8 மில்லிகிராம் என்கிறது, இன்னொன்று 344, வேறொன்று 364. எதை நம்புவது? உணவு விவரங்களுக்கு உருப்படியான தளங்கள் எவை?

பதில்: மூன்று எண்ணுமே எங்கோ அளந்து எழுதியவைதான். ஆனால் அந்த 8 ராகியுடையது இல்லை. அமெரிக்க வேளாண் துறையின் ஃபுட்டேட்டா சென்ட்ரல் தளத்தில் வெறும் 'மில்லெட்' என்று இருப்பது பனிவரகு. அந்த எண்ணை எடுத்து ராகிப் படத்துக்குக் கீழே ஒட்டிவிடுகிறவர்கள் நிறைய. நானும் ஒரு முறை அப்படி ஏமாந்து, அச்சடித்த ஸ்டிக்கரையெல்லாம் குப்பையில் போட்டிருக்கிறேன். 344 என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணை. அதே நிறுவனம் நாடு முழுவதும் மாதிரி எடுத்து, 528 உணவுகளைப் புதிதாக ஆய்ந்து 2017-ல் வெளியிட்டதில் 364. நீங்கள் இதையே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயர்களும் அதில் உண்டு.

ஒன்று, 364 என்பது உலர்ந்த ராகிக்கு. நூறு கிராம் மாவில் கிண்டிய களியை எடை போட்டுப் பாருங்கள். முந்நூறு கிராம் வந்தால், 100 கிராம் களியில் சுமார் 120 மில்லிகிராம்தான். 'களி சாப்பிட்டால் 364' என்று நோட்டீஸ் அடித்துவிடாதீர்கள். லேபிளில் போடுகிற எண்ணுக்கு உங்கள் மாவையே ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

புளிக்கு வேறு தளம். கெர்னாட் காட்சர் என்ற ஆஸ்திரிய வேதியியலாளர் தனி ஆளாக உருவாக்கிய மசாலாப் பக்கங்கள். பழைய காலத்து வடிவம், ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் உலக மொழிகளில் பெயர், பெயர் வந்த கதை எல்லாம் இருக்கும். ஆங்கிலத்தில் புளிக்கு உள்ள 'டாமரிண்ட்' என்ற பெயர், 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஓசூர் கடைக்கு லேபிள் எழுத இந்தப் பெயர்ப் பட்டியல் கைகொடுக்கும்.

மிளகாய் முந்தியா மிளகு முந்தியா என்று வீட்டில் வாக்குவாதம் வந்தால் ஃபுட் டைம்லைன் என்ற உணவு வரலாற்றுத் தளத்தைப் பாருங்கள். லின் ஆல்வர் என்ற அமெரிக்க நூலகர் 1999-ல் தொடங்கியது. அவர் 2015-ல் காலமான பிறகு 2020-ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. எதைச் சொன்னாலும் எங்கிருந்து எடுத்தது என்று சொல்லிவிடும். பார்கோடு ஸ்கேன் செய்கிற ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸில் யார் வேண்டுமானாலும் விவரம் ஏற்றலாம். அதனால் பாக்கெட்டோடு ஒரு தடவை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சரி, தொக்கு. இதில்தான் கவனம் வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் உள்ள வீட்டு உணவுப் பதப்படுத்தல் மையத்தின் தளத்தில் மாங்காய்ச் சட்னி இருக்கிறது. ஆனால் அது வினிகரும் சர்க்கரையும் போட்டது, நம் தொக்குக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. செய்முறையை விட்டுவிட்டு, ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதை மட்டும் படியுங்கள்: பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, புளிப்பு கூடினால் எண் குறையும்) 4.6-க்கு மேல் போனால், காற்றுப் புகாத இடத்தில் பொட்டுலிசம் என்ற உயிருக்கு ஆபத்தான உணவு நச்சை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்புண்டு. தொக்கின் மேல் நிற்கும் எண்ணெயும் காற்றை அடைக்கத்தான் செய்கிறது. புளிப்பு மாங்காய் 4.6-க்கு நன்றாகக் கீழேதான் இருக்கும். பூண்டு அதிகமாகப் போட்டாலோ, பழுக்க ஆரம்பித்த காயைப் போட்டாலோ எண் மேலே ஏறும். பிஎச் தாள் வாங்காதீர்கள், மிளகாய்ச் சிவப்பில் அதன் நிறம் தெரியாது. சிறிய மீட்டர் வாங்குங்கள், அதைச் சரிபார்க்கிற திரவத்தையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.