26 அங்குலச் சக்கரமும் முழங்கால் வலியும்

அன்புள்ள சார்,

உங்கள் மவுண்டன் பைக் கட்டுரைகளை மூன்று வருடமாகப் படித்துவருகிறேன். எனக்கு வயது 41. பதினொரு வருடத்துக்கு முன் வாங்கிய, முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள 26 அங்குல ஹார்ட்டெயிலைத்தான் இன்னும் ஓட்டுகிறேன். டியூப் டயர், இரண்டிலும் காற்றழுத்தம் 40 பி.எஸ்.ஐ. கூட வரும் நண்பர்கள் எல்லோரும் 29 அங்குலச் சக்கரத்துக்கு மாறிவிட்டார்கள். பாதிப் பேரிடம் ஃபுல் சஸ்பென்ஷன். ‘இந்தப் பழசை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய்’ என்று ஞாயிறுதோறும் கேட்கிறார்கள். இறக்கத்தில், சரளைத் திருப்பங்களில் முன்சக்கரம் வழுக்குகிறது. இரண்டு முறை விழுந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கை மரத்துப்போகிறது. ஆறு மாதமாக முழங்கால் சில்லைச் சுற்றி முன்பக்கம் வலி. சீட்டை இறக்கத்துக்கு முன் தாழ்த்திவிடுவேன், அப்புறம் ஏற்றம் வந்தால் குத்துமதிப்பாக உயர்த்திக்கொள்வேன்.

வீட்டில் நான்கு வயது மகள். வாரத்தில் எனக்கென்று கிடைப்பது ஞாயிறு காலை மூன்று மணி நேரம். புது பைக் வாங்குவதா, ஜிம்மில் சேர்வதா, இல்லை இந்த வயதில் இதெல்லாம் வேண்டாம் என்று நடைப்பயிற்சிக்குப் போய்விடுவதா?

பெயர் போட வேண்டாம். மனைவியும் உங்கள் தளத்தைப் படிக்கிறாள்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டேன். ஒன்று ‘40 பி.எஸ்.ஐ.’, இன்னொன்று ‘குத்துமதிப்பாக’. நண்பர்கள் உங்கள் சக்கரத்தின் விட்டத்தைப் பார்க்கிறார்கள். நான் அதற்குள் இருக்கும் காற்றைப் பார்க்கிறேன்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில வருடங்களுக்கு முன் என் பைக்கும் இப்படித்தான் வழுக்கியது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்தான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டேன். இரண்டு முறை கழற்றி எண்ணெய் மாற்றினேன். ஒரு கடைக்காரர் பிடித்து அமுக்கிப் பார்த்துவிட்டு, “இது தேறாது சார், புதுசு போட்டுடுங்க” என்றார். பணமும் சேர்க்க ஆரம்பித்தேன். அந்தச் சமயத்தில் எங்கள் குழுவில் ஒரு அம்மா இருந்தார், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவருடைய பைக்கில் சஸ்பென்ஷனே கிடையாது, இரும்பு ஃபோர்க். இறக்கத்தில் என்னைத் தாண்டிப் போவார். ஒரு நாள் நான் விழுந்து எழுந்து முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். வால்வு மூடியைக் கழற்றி நகத்தால் ஊசியை அமுக்கினார். ‘ஸ்ஸ்ஸ்’ என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்குப் பதற்றம், “அம்மா, போதும்” என்றேன். மறுபடி விரலால் அழுத்திப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் விட்டார். “இப்ப போய்ப் பாருப்பா.”

போய்ப் பார்த்தேன். முதலில் எனக்குத் தெரிந்தது சத்தத்தில் இருந்த வித்தியாசம். அதுவரை சரளைமேல் போனால் தகரத்தில் பட்டாணி கொட்டியது போல் இருக்கும். இப்போது நறநறவென்று அடங்கிய சத்தம். அதே திருப்பத்தில் டயர் நின்றது.

விஷயம் எளிது. கல்லென இறுகிய டயர் ஒவ்வொரு கல்லின்மேலும் துள்ளும். துள்ளுகிற நேரத்தில் அதற்குத் தரையே இல்லை, பிடிப்பு எங்கிருந்து வரும்? காற்று குறைந்த டயர் கல்லைச் சுற்றி அமுங்கிக் கவ்வும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கிற பெரிய எண்ணைப் பார்த்துப் பலரும் அதுவரை அடித்துவிடுகிறார்கள். அது அந்த டயர் தாங்கும் உச்சம், நாம் வைக்கவேண்டிய அளவு அல்ல.

என் எடை 72 கிலோ, டயர் அகலம் 2.3 அங்குலம். டியூப் போட்டிருந்த காலத்தில் முன்னால் 26 பி.எஸ்.ஐ., பின்னால் 29 பி.எஸ்.ஐ. வைத்திருந்தேன். டியூப்லெஸ்ஸுக்கு மாறியபின் 21, 24. பின்சக்கரத்தின்மேல்தான் உடம்பின் எடை அதிகம், அதனால் அங்கே இரண்டு மூன்று கூடுதல். இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் 32, 34இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் இரண்டிரண்டாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். திருப்பத்தில் டயர் பக்கவாட்டில் நெளிவது போல் தெரிந்தாலோ, கல்லில் ரிம் ‘டங்’ என்று தட்டினாலோ இரண்டு கூட்டி நிறுத்திக்கொள்ளுங்கள். டியூப் என்பதால் ரொம்பக் குறைத்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே அது நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரண்டு ஓட்டை விழும். ஒன்று விழுந்தாலே எல்லை எது என்று தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு பொருள் வாங்கியே ஆகவேண்டும்: குறைந்த அழுத்தத்துக்கான தனி கேஜ். தரையில் வைத்து அடிக்கும் பம்பில் மீட்டர் பூஜ்யத்திலிருந்து 160 வரை போகும். அதில் 22க்கும் 26க்கும் நடுவே முள் நகர்வது கண்ணுக்கே தெரியாது. என் பையில் டயர் கழற்றும் நெம்புகோல் மறந்தாலும் கேஜ் இருக்கும்.

சரி, சக்கர அளவுக்கு வருகிறேன். 29 நல்லதுதான். பெரிய சக்கரம் கல்லில் மோதும் கோணம் குறைவு, அதனால் தடையில் முட்டி நிற்காமல் உருண்டு ஏறிவிடும். அதை மறுத்து எழுதினால் பொய் சொன்னதாகும். ஆனால் உங்கள் நண்பர்கள் 26 என்பதை ஏதோ ஒரு பழைய பிழை போலப் பேசுகிறார்கள் இல்லையா, அதுதான் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. எழுபதுகளில் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் ஷ்வின் போன்ற பழைய பருத்த டயர் சைக்கிள்களைத் தேடி எடுத்து மலையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தச் சைக்கிள்களில் இருந்தது 26 அங்குலச் சக்கரம், அதனால் மவுண்டன் பைக்கும் 26 ஆனது. யாரும் ஆராய்ந்து கண்டுபிடித்த அளவு இல்லை. 29 மட்டும் என்ன? அதன் ரிம் விட்டம் 622 மில்லிமீட்டர். சாலை சைக்கிளின் 700சி ரிம்மும் அதே 622தான், அதன்மேல் பருத்த டயரை மாட்டினார்கள், அவ்வளவே.

1976இல் அந்த இளைஞர்கள் தொடங்கிய இறக்கப் பந்தயத்தின் பெயர் ரீபேக். அந்தச் சைக்கிள்களில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக்தான் இருந்தது. ஒரே இறக்கத்தில் ஹப் கொதித்து உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். கீழே வந்ததும் மறுபடி கிரீஸ் அடைக்கவேண்டும், பெயர் அதிலிருந்து வந்தது. உங்கள் பைக்கில் டிஸ்க் பிரேக் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அவர்கள் யாருக்கும் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது.

ஏற்றத்திலும் நண்பர்கள் சீண்டுவார்கள், அதற்கும் ஒரு கணக்கு தருகிறேன். உங்களுடையது முன்னால், பெடலோடு சுற்றும் பல்சக்கரம் (செயின்ரிங்) மூன்று உள்ள வகை என்றால், சிறியதில் 22 பல்லும் பின்னால் பெரிய தட்டில் 34 பல்லும் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு சுற்று மிதித்தால் சுமார் 1.3 மீட்டர் நகர்வீர்கள். நண்பரின் 29இல் முன்னால் 32, பின்னால் அந்தத் தாம்பாளம் போன்ற 51 இருந்தால், ஒரு சுற்றுக்கு 1.4 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதாவது உங்கள் ‘பழசு’தான் லேசான கியர். அந்தச் சிறிய செயின்ரிங்கை நீங்கள் பயன்படுத்துவதே இல்லை என்பது என் சந்தேகம். வெட்கப்பட்டுக்கொண்டு பெரிய கியரில் அழுத்தி மிதிப்பவர்களின் முழங்கால்தான் முதலில் முறையிடும்.

முழங்காலுக்கு இன்னொரு காரணம் அந்தக் ‘குத்துமதிப்பு’. சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்குகிறது, வலி முன்பக்கம் வரும். ரொம்ப உயரமென்றால் பெரும்பாலும் பின்பக்கம் இழுக்கும். உங்களுக்கு முன்பக்கம். இறக்கத்துக்குத் தாழ்த்திய சீட்டை முழுசாக உயர்த்தாமலே ஏறுகிறீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். சுவரைப் பிடித்துக்கொண்டு பைக்கில் உட்காருங்கள். செருப்பில்லாமல் அல்ல, ஓட்டும்போது போடும் ஷூவோடு. குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்குக் கொண்டுபோனால் கால் நேராக நீளவேண்டும், இடுப்பு சாயக்கூடாது. முன்பாதத்தால் மிதிக்கும்போது தேவையான மடிப்பு தானாக வந்துவிடும். அந்த உயரத்தில் சீட் போஸ்டைச் சுற்றி ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். இனி ஏற்றத்துக்கு முன் டேப் வரை உயர்த்துவது, அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் குறையவில்லை, அல்லது வீக்கம் இருக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். எனக்கு சைக்கிள் தெரியும், எலும்பு தெரியாது.

பின்னாளில் பணம் சேர்ந்து ஒரே ஒரு பாகம் வாங்குவதாக இருந்தால் ட்ராப்பர் போஸ்ட் வாங்குங்கள். கைப்பிடியில் ஒரு நெம்பைத் தட்டினால் சீட் இறங்கும், மறுபடி தட்டினால் பழைய உயரத்துக்கே வந்து நிற்கும். என் காலத்தில் வந்த புதுமைகளில் இதற்கு மட்டும்தான் நான் முழு மனதோடு கைதட்டுவேன். உங்கள் சீட் குழாயின் விட்டத்துக்கு ஒன்று கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்க் மட்டும் மாற்றாதீர்கள். இப்போது வரும் ஃபோர்க்குகளின் தண்டு கீழே பருத்தது, பதினொரு வருட ஃபிரேம்கள் பலவற்றில் அது நுழையாது. நுழைந்தாலும் ஆக்சிலின் அகலம் வேறு, அதனால் புது ஹப், புது ஹப்புக்குப் புது சக்கரம். புலி வாலைப் பிடித்த கதை.

கை மரத்துப்போவதற்கு பிரேக் லீவர்களைப் பாருங்கள். பல பைக்குகளில் லீவர் கைப்பிடியை ஒட்டி, இரண்டு மூன்று விரலால் பிடிக்கிற மாதிரி இருக்கும். ஆலன் கீயால் தளர்த்தி உள்பக்கம் தள்ளுங்கள். ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் லீவரின் நுனி வளைவில் உட்கார்ந்தால் போதும். மற்ற மூன்று விரலும் கைப்பிடியைப் பிடிக்கட்டும். ஹைட்ராலிக் டிஸ்க்குக்கு ஒரு விரல் தாராளம். 40 பி.எஸ்.ஐ. டயர் கொடுத்த அதிர்ச்சி குறைந்தாலே பாதி மரப்பு போய்விடும் என்பது வேறு. பிரேக் பேடில் மட்டும் செயினுக்கு அடிக்கிற ஸ்பிரே எண்ணெய் படக்கூடாது. பட்டால் கத்தும், பிடிக்காது, கழுவினாலும் தேறாது.

ஜிம்மைப் பற்றி. உடற்தகுதி என்றதும் எல்லோரும் ஏற்றத்தையே நினைக்கிறார்கள், மூச்சு, தொடை. நான் விழுந்த தடவைகளில் பெரும்பாலானவை கடைசி அரை மணி நேரத்தில், இறக்கத்தில். தொடையில் தெம்பு இருந்தது, விரல் மூடவில்லை. இடுப்பை மடித்து, முதுகை நேராக வைத்து, பெடலில் நின்றபடியே பத்து நிமிடம் இறங்கிப் பாருங்கள், எது முதலில் நடுங்குகிறது என்று தெரியும். அதனால் கால் நீட்டும் இயந்திரங்களில் உட்காரவேண்டாம். தரையிலிருந்து எடையை இடுப்பை மடித்துத் தூக்குவதும், கம்பியைப் பிடித்துத் தொங்குவதும் போதும். வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம். சந்தா கட்டாமல் வீட்டிலேயே முடியும். சைக்கிளில் செய்யும் பயிற்சியில் பெரும்பகுதி பேசிக்கொண்டே மிதிக்கிற வேகத்தில் இருக்கட்டும்.

விரலில் வலு தீர்ந்த உடனே வீடு திரும்புவது என் விதி. ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று எங்கள் குழுவில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். மூடநம்பிக்கை என்றால் அப்படியே இருக்கட்டும்.

மூன்று மணி நேரம்தான் என்று வருந்தியிருக்கிறீர்கள். மகளுக்கு நான்கு வயது. பெடல் இல்லாத சின்ன பேலன்ஸ் பைக் ஒன்று அவளிடம் இருந்தால் மாலையில் ஏதாவது காலி இடத்துக்குக் கூட்டிப்போங்கள். அவள் சுற்றட்டும். நீங்கள் பக்கத்தில் எவ்வளவு மெதுவாக எட்டு போட முடியும் என்று பாருங்கள். பைக்கை நகராமல் நிறுத்தி, கால் ஊன்றாமல் பத்து வினாடி நிற்க முடிகிறதா? சரளைத் திருப்பத்தில் உங்களுக்குத் தேவைப்படும் சமநிலை இதேதான், விழுந்தால் வலிக்காத வேகத்தில். என் மகன் ஐந்து வயதில் இதில் என்னை ஜெயித்துவிட்டு வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தான். அதற்கப்புறம் ஞாயிறு காலை நான் கிளம்பும்போது வீட்டில் முணுமுணுப்பு கொஞ்சம் குறைந்தது உண்மை. சேற்றோடு பைக்கை வரவேற்பறைக்குள் கொண்டுவரும் பிரச்சினைக்கு மட்டும் என்னிடம் தீர்வு இல்லை.

புது பைக் வாங்கவே கூடாதா என்றால், அப்படியில்லை. நானே ஃபுல் சஸ்பென்ஷன்தான் ஓட்டுகிறேன், ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன். உங்கள் பைக்குக்கு நல்ல 26 டயர் கிடைப்பதும் வரவர அரிதாகிறது, ஒருநாள் மாறத்தான் வேண்டும். ஒரு வருடம் கழித்து, ‘இந்த இடத்தில், இந்தக் காரணத்தால் என் பைக்கால் முடியவில்லை’ என்று ஒரு இடத்தைக் காட்டி உங்களால் சொல்ல முடிந்தால் வாங்குங்கள். இப்போதைக்கு ஒரு கேஜ், ஒரு துண்டு டேப். ஹெல்மெட் அந்த இரண்டு விழுதலில் அடிபட்டிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், உள்ளே இருக்கும் நுரை ஒரு தடவைதான் நசுங்கும்.

பெயரை எடுத்துவிட்டேன். டேப் மட்டும் கறுப்பில் வாங்குங்கள். கறுப்பு சீட் போஸ்டில் வெள்ளை டேப்பைப் பார்த்து உங்கள் மனைவி கண்டுபிடித்துவிட்டால் என்னைச் சொல்லக்கூடாது.