ஆலமரம் பொந்து விழுந்தால் வெட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: தாராபுரம் பக்கம் எங்கள் கருப்பண்ணசாமி கோயில் வாசலில் தாத்தா காலத்துக்கும் முந்தைய ஆலமரம் நிற்கிறது. அடிமரத்தில் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து. ஆடிக் காற்றில் கோயில் மேல் சாய்ந்துவிடும், வெட்டிவிடலாம் என்கிறார்கள் சிலர். பொந்தில் கான்கிரீட் கொட்டினால் போதும் என்கிறார்கள் சிலர். மரத்தைச் சுற்றிப் போன வருடம்தான் சிமெண்ட் தளம் போட்டோம். என்ன செய்யலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். மரத்துக்கு உயிரோட்டம் பட்டையை ஒட்டிய பகுதியில்தான் இருக்கிறது. நடுக்கட்டை இற்றுப்போனாலும் சுற்றுச்சுவர் கெட்டியாக இருந்தால் மரம் குழாய் மாதிரி நிற்கும். அடிமரத்தின் அரைவிட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது கெட்டிக் கட்டை இருக்கிறதா என்று நாலு பக்கமும் பாருங்கள். கான்கிரீட் கொட்டினால் கெடுதல்தான். காற்றில் மரம் ஆடும், கான்கிரீட் ஆடாது. இடையில் விழும் இடுக்கில் தண்ணீர் தேங்கி அழுகல் கூடும். அந்தப் பொந்தில் புள்ளி ஆந்தை குடியிருந்தால் உங்கள் காட்டில் எலியைப் பிடிப்பதும் அதுதான்.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்தத் தளம்தான். உணவெடுக்கும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் ஒன்றிரண்டு அடிக்குள் ஓடுகின்றன. சிமெண்ட் போட்டால் அவற்றுக்குக் காற்றும் இல்லை, மழைத்தண்ணீரும் இல்லை. அடிமரத்திலிருந்து 6 அடியாவது தளத்தை உடைத்தெடுங்கள். கடப்பாரை போதும், பொக்லைன் வேண்டாம்.

அப்புறம் விழுது. வாசலைக் கூட்டும்போது தலையில் இடிக்கிறது என்று நுனியை வெட்டிவிடுவது பல ஊர்களில் வழக்கம். உங்கள் மரத்தில் ஒரு விழுதுகூடத் தரையைத் தொடவில்லை என்றால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். பாரக்கிளைகளுக்கு அடியில் தொங்கும் விழுதுகளில் நாலைந்தைத் தேர்ந்தெடுங்கள். மூங்கிலை இரண்டாகப் பிளந்து, செம்மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பி, விழுதை உள்ளே விட்டுச் சாக்கால் சுற்றிக் கட்டி ஈரம் காயாமல் தரைவரை இறக்குங்கள். மண்ணைத் தொட்டு வேர் பிடித்த பிறகுதான் அது தடிக்கும், தூணாகும். கல்கத்தாவை அடுத்த ஹவுரா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தில் பூஞ்சை பிடித்த மூலமரத்தை 1925-ல் அகற்றிவிட்டார்கள். அடிமரமே இல்லாமல், ஆயிரக்கணக்கான விழுதுகளின் மேல் அது இன்றும் நிற்கிறது.

ஆலம்பழத்துக்கு என்றே தனிக் குளவி உண்டு. அது உள்ளே நுழைந்தால்தான் விதை பிடிக்கும். ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு நேரத்தில் பழுப்பதால், வேறெதுவும் கிடைக்காத மாதத்திலும் குயில், குக்குறுவான், பச்சைப்புறா, பழந்தின்னி வௌவால் எல்லாம் அங்கே வந்து சேரும். இந்த வயது மரம் கொடுக்கும் பழத்தையும் பொந்தையும் புதிதாக நடும் நூறு கன்றுகள் நம் காலத்தில் கொடுக்காது.

நோம்பிக்குப் பொங்கல் வைப்பதை யாரும் நிறுத்த வேண்டாம். அடுப்புகளை மட்டும் கிளை நிழலுக்கு வெளியே தள்ளிவிடுங்கள். வேர் மேல் அனல் படக் கூடாது. சீரியல் விளக்குக்கு ஆணி அடிக்காமல் கயிற்றில் கட்டுங்கள்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் பலமாக அடிக்கும் என்பது உண்மைதான். அதனால் கோயில் மேல் நீண்ட கிளையின் நுனிப்பாரத்தை மட்டும் சித்திரை, வைகாசியிலேயே குறைத்துவிடுங்கள். அடிமரத்தை ஒட்டி மண் வெடித்து எழும்பினாலோ, மரம் புதிதாகச் சாய்ந்தாலோ, வேரடியில் காளான் பூத்தாலோ ஆட்களை அந்தப் பக்கம் விடாமல் வனத்துறையினரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நிலம் புறம்போக்கு என்றால் ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் அனுமதி இல்லாமல் மரத்தில் கோடரி வைக்காதீர்கள்.