மின்பேருந்து: ராத்திரி சார்ஜ் கணக்கு

கேள்வி: 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. டீசல் டேங்க் சில நிமிடத்தில் நிரம்பும். இத்தனை வண்டிக்கும் ஒரே ராத்திரியில் சார்ஜ் ஏற்ற முடியுமா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: முடியும். ஆனால் வண்டி வருவதற்கு முன்பே பணிமனையில் உயரழுத்த மின் இணைப்பும் டிரான்ஸ்ஃபார்மரும் தயாராக இருக்க வேண்டும்.

12 மீட்டர் பேருந்து நகர நெரிசலில் கி.மீ.க்குச் சுமார் 1.2 யூனிட் எடுக்கும் என்று வையுங்கள். 200 கி.மீ.க்கு 240 யூனிட். ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் 260. கணக்கு எளிதாக இருக்க 100 வண்டி என்று வைத்தால் 26,000 யூனிட். கடைசி டிரிப் முடிந்து, வண்டியைக் கழுவி நிறுத்தி, விடிகாலையில் எடுப்பதற்குள் கிடைப்பது 5 மணி நேரம்தான். அப்படியானால் 5,200 கிலோவாட் இடைவிடாமல் வேண்டும். 240 கிலோவாட் சார்ஜர்கள் 50 இருந்து, எல்லாம் ஒரே சமயத்தில் முழு வேகத்தில் இழுத்தாலோ 12,000 கிலோவாட்! உச்சத் தேவைக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதால் பில் எகிறும். அதனால் 4 மணி வண்டிக்கு முதலில், 6 மணி வண்டிக்குப் பிறகு என்று மென்பொருள் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

காலையில் ஒரு வண்டி 40 சதவீதத்திலேயே நிற்கிறதென்றால், முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை அல்ல, சார்ஜிங் கன்னை (சார்ஜர் கேபிள் முனையில் இருக்கும், வண்டியில் செருகும் பிளக்). கன் முழுதாக உட்காராமல் இருக்கும். கன்னின் உலோக முனைகளில் தூசியோ ஈரமோ இருக்கும். கேபிள் மேல் சக்கரம் ஏறியிருக்கும். செருகியதும் திரையில் மின்சாரம் ஏறுவதை இரண்டு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். நள்ளிரவு 1 மணிக்கு இன்னொரு சுற்று. இதற்கென்றே ஓர் ஆள் போடுவது வீண் செலவே அல்ல.

கேள்வி: ஏசி போட்டால் தூரம் குறையுமா? (தாம்பரம் வாசகர்)

பதில்: குறையும், நெரிசலில் இன்னும் அதிகமாக. சிக்னலில் மோட்டார் ஓய்கிறது, ஏசி ஓய்வதில்லை. ஏசி மணிக்கு 6 யூனிட் எடுத்தால், 30 கி.மீ. வேகத்தில் கி.மீ.க்கு 0.2 யூனிட், 15 கி.மீ. வேகத்தில் 0.4. 200 கி.மீ. ஓடும் என்று சொல்லப்படும் வண்டிக்கு 160 கி.மீ.க்கு டூட்டி போடுவதே புத்திசாலித்தனம்.

கேள்வி: வெள்ளத்தில் ஓட்டலாமா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாமல் தடுக்கும் திறனைக் காட்டும் குறியீடு) தரமுள்ள பேட்டரிப் பெட்டி 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்க வேண்டும் என்பது சோதனை விதி. அது ஓட்டுவதற்கான அனுமதி அல்ல. தண்ணீரில் நின்ற வண்டியின் மின்காப்பை (மின்கசிவைத் தடுக்கும் பாதுகாப்பு) சோதிக்காமல் கன்னைச் செருகவே கூடாது.