பிளிமத்தில் சட்டத்தரணி இல்லை, அப்பீலுக்கு 14 நாள்தான்

கேள்வி: நான் முல்லைத்தீவு. இங்கிலாந்தில் அசைலம் (அரசியல் தஞ்சம்) கேட்டு, இரண்டு வருடமாக பிளிமத் நகரில் ஹோம் ஒபிஸ் (உள்துறை அமைச்சு) தந்த வீட்டில் இருக்கிறேன். போன கிழமை கேஸை நிராகரித்துக் கடிதம் வந்தது. இராணுவம் அடித்த தழும்பு முதுகில் இருக்கிறது, அதையும் அவர்கள் நம்பவில்லை. என் சொலிசிட்டர் அப்பீலுக்கு வர முடியாது என்கிறார். இங்கே வேறு ஆள் கிடைக்கவில்லை. லண்டனில் இருக்கும் ஊர் அண்ணா ஒருவர் 1,500 பவுண்ஸ் தந்தால் எல்லாம் செய்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: காசைக் கொடுக்காதீர்கள். முதலில் அந்தக் கடிதத்தை எடுத்து, மேலே இருக்கும் திகதியைப் பாருங்கள். நாட்டுக்குள் இருப்பவருக்கு அப்பீல் போட 14 நாள்தான். அதை எண்ணுவது கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, ஹோம் ஒபிஸ் அனுப்பிய நாளிலிருந்து. கடித உறையையும் எறியாமல் வைத்திருங்கள்.

சட்டத்தரணி கிடைத்த பிறகு அப்பீல் போடலாம் என்று காத்திருந்து தவணையை விட்டவர்கள் நிறையப் பேர். அப்பீலை நீங்களே போடலாம். அரசாங்க இணையத்தளத்தில் படிவம் இருக்கிறது, தபாலிலும் அனுப்பலாம். செக்‌ஷன் 95 உதவியில் (அசைலம் கேட்டவருக்கு ஹோம் ஒபிஸ் தரும் வீடு, செலவுப்பணம்) இருந்தால் கட்டணமும் இல்லை. எந்த விஷயத்தில் அவர்களுடைய முடிவு பிழை என்று சுருக்கமாக எழுதினால் போதும், விவரமான வாதத்தைப் பிறகு வைக்கலாம். 14 நாள் தாண்டியிருந்தாலும் விடாதீர்கள். ஏன் பிந்தியது என்ற காரணத்தோடு கால நீடிப்புக் கேளுங்கள். அதை ஏற்பதா இல்லையா என்பது நீதிபதியின் கையில்.

இனி உங்கள் சொலிசிட்டர். ஏன் வர முடியாது என்று எழுத்தில் கேளுங்கள். நேரமில்லை என்பது ஒன்று, கேஸ் வெல்லாது என்பது வேறொன்று. லீகல் எய்ட்டில், அதாவது அரசாங்கம் சட்டத்தரணிக்குக் காசு கொடுக்கும் உதவியில், அப்பீல் நடத்த, வெல்லும் வாய்ப்பு பொதுவாக 50 வீதமாவது இருக்க வேண்டும். அது இல்லை என்று அவர் மறுத்தால், அந்த முடிவை லீகல் எய்ட் ஏஜென்சியிடம் மீளாய்வுக்கு அனுப்ப சிடபிள்யூ 4 என்ற படிவம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஃபைல் முழுவதையும், முக்கியமாக ஹோம் ஒபிஸ் நேர்காணலின் பதிவையும், கேட்டு வாங்கி வையுங்கள்.

பிளிமத்தில் ஆள் கிடைக்காதது உங்கள் குற்றம் இல்லை. 2013இல் குடிவரவு வழக்குகளில் பெரும்பாலானவற்றை இங்கிலாந்து அரசு லீகல் எய்ட்டிலிருந்து எடுத்துவிட்டது. அசைலம் மிஞ்சியது, ஆனால் அதற்குக் கிடைக்கும் கூலிக்குக் கட்டுப்படியாகாமல் பல நிறுவனங்கள் விலகிவிட்டன. ஹோம் ஒபிஸ் வீடு மலிவாகக் கிடைக்கும் ஊர்களுக்கு ஆட்களை அனுப்புகிறது, அங்கே சட்டத்தரணி இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. இதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

லீகல் எய்ட் சொலிசிட்டர் உங்கள் ஊரில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ரயிலில் இரண்டு மணி நேரத்தில் பிரிஸ்டல். பர்மிங்காம், லண்டன் நிறுவனங்களில் சில தொலைபேசியிலும் வீடியோவிலும் வேலை செய்கின்றன. அரசாங்கத்தின் லீகல் எய்ட் தேடல் பக்கத்தில் தேடி, ஒரு இடத்துக்கல்ல, இருபது இடத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். முதல் நாலு வரியிலேயே இவை வந்துவிட வேண்டும்: இலங்கைத் தமிழர், கடிதத் திகதி, அப்பீலின் கடைசி நாள், லீகல் எய்ட் தேவை, பழைய சொலிசிட்டர் ஏன் விலகினார். நிராகரிப்புக் கடிதத்தை இணையுங்கள். வாழ்க்கைக் கதை முழுவதையும் எழுதினால் வாசிக்க அவர்களுக்கு நேரம் இருக்காது.

லண்டன் அண்ணா நல்ல மனுஷராகவே இருக்கலாம். ஆனால் குடிவரவு ஆலோசனை கொடுப்பவர் சொலிசிட்டராகவோ பாரிஸ்டராகவோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குடிவரவு ஆலோசகர்களைப் பதிந்து கண்காணிக்கும் இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தோரிட்டியில் பதிந்திருக்க வேண்டும். 2025 ஜனவரி வரை ஓஐஎஸ்சி என்று சொன்னோமே, அதுதான் இது. பதியாமல் செய்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவருடைய பெயரை அந்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள். இப்படிப்பட்ட ஒருவர் எழுதிய வாக்குமூலங்களை நான் பார்த்திருக்கிறேன். ஊரின் பெயரும் திகதியும் மட்டும் மாறி, ஒரே பந்தி மூன்று பேருக்கு. நீதிபதி அதைக் கண்டுபிடித்துவிட்டால், பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

அப்புறம் தழும்பு. புதுச் சொலிசிட்டரிடம் முதல் நாளே சொல்லி, சித்திரவதைக் காயங்களைப் பார்த்துப் பழகிய வைத்தியரின் அறிக்கைக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அந்தச் செலவை லீகல் எய்ட் ஏற்கும். இங்கே நீங்கள் ஏதாவது அமைப்பில் வேலை செய்திருந்தால் அதற்கும் ஆதாரம் சேருங்கள். இலங்கைத் தமிழரின் அசைலம் வழக்குகளுக்கு வழிகாட்டும், 2021இல் வந்த கேகே அண்ட் ஆர்எஸ் தீர்ப்புப்படி, சில ஊர்வலங்களில் போய் நின்றது மட்டும் போதாது. இலங்கை அரசு உங்களைத் தமிழ்ப் பிரிவினைவாதத்தில் குறிப்பிடத்தக்க பங்குள்ளவராகப் பார்க்குமா என்பதுதான் அங்கே கேள்வி.

அப்பீலைப் போட்டுவிட்டு, அது கிடைத்ததற்கான உறுதிப்படுத்தலைப் படமெடுத்து வையுங்கள். புதுச் சொலிசிட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.