பொறியாளர் வீட்டைச் சோதிக்கும்போது நாமும் போக வேண்டுமா?

கேள்வி: 20 வருடம் பழைய வீடு ஒன்றைப் பேசி முடித்திருக்கிறோம். பணம் கைமாறுவதற்கு முன் கட்டடத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு பொறியாளரை அமர்த்தினோம். "நீங்கள் வரத் தேவையில்லை, அறிக்கை அனுப்பிவிடுகிறேன்" என்கிறார் அவர். "அவர் வேலையை அவர் பார்க்கட்டும், நாம் போய் என்ன செய்யப் போகிறோம்?" என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. போகலாமா?

பதில்: போங்கள். ஆனால் ஆரம்பத்திலிருந்து கூடவே நிற்க வேண்டாம். கடைசி அரை மணி, முக்கால் மணி நேரம் போதும்.

நடுத்தர அளவு வீட்டை ஒழுங்காகப் பார்க்க இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். வெளிப்புறம், கூரை, பிறகு ஒவ்வோர் அறை என்று அவர் ஒரு வரிசை வைத்திருப்பார். நடுவில் புகுந்து "இந்த அலமாரியை எடுத்துவிட்டால் கட்டில் போட இடம் வருமா?" என்று கேட்டால் அந்த வரிசை அறுந்துபோகும். பேச்சுக்கிடையில் ஒரு மூலையைப் பார்க்காமல் விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். அந்த அளவுக்கு உங்கள் கணவர் சொல்வது சரி.

அறிக்கையை மட்டும் படித்தால் போதும் என்பதுதான் சரியில்லை. நாளைக்குத் தன் மேல் பழி வரக்கூடாது என்று பொறியாளர் எச்சரிக்கையாகத்தான் எழுதுவார். "சுவரில் விரிசல் காணப்படுகிறது, கவனித்து வரவும்" என்று ஒரு வரி இருக்கும். பூச்சு காய்ந்தபோது விட்ட மயிரிழை வெடிப்புக்கும் அதே வரி, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்புக்கும் அதே வரி. பொதுவாக 1 மில்லிமீட்டருக்குள் இருப்பது பெயின்ட் வேலையோடு முடிந்துவிடும். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் விசாரிக்காமல் விடக்கூடாது. அகலம் மட்டுமே கணக்கு இல்லை. எந்தத் திசையில் ஓடுகிறது, சுவரின் மறுபக்கத்திலும் தெரிகிறதா, இன்னும் வளர்கிறதா என்பதையெல்லாம் சுவர் முன்னால் நின்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். புகைப்படத்தில் எல்லா விரிசலும் ஒரே மாதிரி பயமுறுத்தும்.

என் கதையையே சொல்கிறேன். நான் வாங்க நினைத்த வீட்டில் கூடத்தின் ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட். பொறியாளர் ஈரமானியை முழங்கால் உயரத்தில் வைத்தார், முள் எகிறியது. ஒரு சாண் மேலே வைத்தார், கொஞ்சம் இறங்கியது. இடுப்பு உயரத்தில் ஒன்றுமில்லை. பேசாமல் வெளியே போய் அதே சுவரின் மறுபக்கத்தைப் பார்த்தார். வீட்டின் தரை மட்டத்துக்கு மேல் மண் மேடாகக் குவிந்து கிடந்தது. "மண்ணை வெட்டி இறக்குங்கள், பாதி ஓதம் தானாகக் காய்ந்துவிடும்" என்றார். அறிக்கையில் வந்ததோ, "கூடத்துச் சுவரில் ஈரப்பதம் மிகுதி, நிபுணர் ஆலோசனை தேவை." அதை மட்டும் படித்திருந்தால் ஓடியே போயிருப்பேன். (இன்னொன்று: அந்தக் கருவி பார்ப்பது மின்சாரம் எவ்வளவு எளிதில் கடக்கிறது என்பதைத்தான். சுவரில் உப்புப் பூத்திருந்தாலும் முள் எகிறும்.)

போனதும் என்ன கேட்பது? குடிபோகும் முன்பே செய்ய வேண்டிய வேலை எது, இரண்டு வருடம் தள்ளிப்போடக் கூடியது எது என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், "உங்களால் பார்க்க முடியாமல் போன இடம் எது?" என்ற கேள்வி. இது கண்ணால் பார்க்கும் சோதனை. அவர் சுவரை உடைக்க மாட்டார், கனமான பீரோவை நகர்த்த மாட்டார். பூட்டிய அறையும் விரிப்புக்கு அடியில் உள்ள தரையும் அவர் கணக்கில் வராது. அப்புறம், தண்ணீரை அடைக்கும் மெயின் வால்வும் மெயின் ஸ்விட்சும் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். ஏணி போட்டு ஏறினால் நீங்களும் பின்னாலேயே ஏற வேண்டாம்.

வீட்டை விற்பவர் கூடவே சுற்றினால் அங்கே எதையும் பேசாதீர்கள், விலையைப் பற்றி மூச்சே விடாதீர்கள். வாசலுக்கு வெளியே வந்து கேட்டுக்கொள்ளலாம். பொறியாளர் வாய்மொழியாக "இது பரவாயில்லை" என்று சொன்ன விஷயம் உங்கள் முடிவையே மாற்றக் கூடியது என்றால், அதை அறிக்கையிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் சண்டை வந்தால் கையில் நிற்பது எழுத்துதான்.

கடைசி அரை மணிக்கும் வர வேண்டாம் என்று சொன்னால், அறிக்கை வந்ததும் போனில் உட்கார்ந்து வரி வரியாக விளக்குவாரா என்று கேளுங்கள். அதற்கும் மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். கூலி கொடுப்பது நீங்கள்.

கேள்வி: கடன் தரும் வங்கி ஒருவரை அனுப்பி வீட்டைப் பார்க்கப் போகிறது. அதுவே போதாதா? அன்றைக்கும் நான் போக வேண்டுமா?

பதில்: போதாது. கொடுக்கும் கடனுக்கு வீடு தாங்குமா என்று மதிப்புப் போடத்தான் அவர் வருகிறார். குளியலறைக் குழாய் கசிவதை அவர் தேடப் போவதில்லை. அன்றைக்கு நீங்கள் மெனக்கெட்டுப் போகவும் வேண்டாம், அவர் பதில் சொல்ல வேண்டியது வங்கிக்கு.