பிள்ளைக்கு முதல் ரைஃபிள்: அளவு பார்த்து வாங்குங்கள்

இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது, 12 வயது மகன் கூடப் படிக்கிற பிள்ளைகளோடு சேர்ந்து துப்பாக்கி சுடப் பழக வேண்டும் என்கிறான், முதல் ரைஃபிள் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நம்மில் பலருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதுமே வயிற்றைக் கலக்கும், எனக்கும் கலக்கியது. பயப்படாதீர்கள், ஆனால் உடனே வாங்கவும் செய்யாதீர்கள். முதலில் கிளப்பில் சேருங்கள், இரவல் துப்பாக்கியில் சில மாதம் சுடட்டும். உரிமம் யார் பெயரில், எந்த வயதில் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு வேறு, அதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வளர்கிற பிள்ளைதானே என்று சட்டையைப் பெரிதாக எடுப்போம் இல்லையா, அதே கணக்கில்தான் நான் என் மகளுக்குப் பெரியவர்கள் அளவில் ஒன்றை வாங்கினேன். பத்துக் குண்டு சுடுவதற்குள் முதுகைப் பின்னால் வளைத்து வயிற்றில் பாரம் தாங்கி நின்றாள், குழல் முனை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது, தலையைக் கட்டையில், அதாவது தோளில் சாய்க்கிற துப்பாக்கியின் பின்பகுதியில், வைக்கக் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. அந்தப் பழக்கத்தை மாற்ற ஒரு வருடம் போனது. கடையில் இப்படிப் பாருங்கள்: பையன் முழங்கையை மடக்கட்டும், கட்டையின் பின்பக்கத்தை முழங்கை மடிப்பில் வையுங்கள், விரல் நுனி ட்ரிகரைச் சிரமமில்லாமல் எட்ட வேண்டும். எட்டவில்லையென்றால் அது அவனுக்கான துப்பாக்கி இல்லை. இடையில் துண்டுகள் செருகி நீளம் கூட்டக்கூடிய கட்டை கிடைத்தால் அவன் வளர வளர அதுவும் கூட வரும்.

வகை என்று கேட்டால், காற்றழுத்தத்தில் சுடுகிற 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிள், 10 மீட்டர் தூரம். ஒலிம்பிக்கிலேயே இதற்கென்று போட்டி இருக்கிறது, அதனால் பொம்மை என்று நினைக்க வேண்டாம். அதில் கை தேறிய பிறகு பாயிண்ட் 22 (0.22 அங்குலத் தோட்டா போடுகிற ரைஃபிள்), ஒவ்வொரு முறையும் ஒரே தோட்டா போட்டு, கைப்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடுகிற போல்ட் ஆக்‌ஷன். உதைப்பு அநேகமாக இருக்காது, ஒவ்வொரு குண்டுக்கும் நிதானிக்க வேண்டியிருப்பதால் அவசரமும் வராது. பெரிய தோட்டா ஒருமுறை தோளில் இடித்துவிட்டால், அப்புறம் ட்ரிகரைத் தொடும்போதெல்லாம் கண் தானாக மூடும். சின்னத் தோட்டா என்று அசட்டையும் கூடாது, அது ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு கட்டாயம், ரைஃபிளோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். குறி பார்க்கத் துப்பாக்கி மேல் மாட்டுகிற தொலைநோக்கி இப்போது வேண்டாம்.

வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில், இரண்டு சாவியும் உங்களிடம். சுட்டு முடித்ததும் சாப்பாட்டில் கை வைக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், குண்டு ஈயம்.

இன்று ஒன்று செய்து பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கிடையே சின்ன ஓட்டை வைத்து, தூரத்தில் ஏதாவது ஒன்றை அதன் வழியாக அவன் பார்க்கட்டும், பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண்ணுக்கு அது அப்படியே தெரிகிறதோ அதுதான் குறி பார்க்கிற கண். இடது கண் என்றால் எனக்கு எழுதுங்கள், கட்டை தேடுவது கொஞ்சம் வேறு மாதிரி.