வீட்டில் தோட்டா மறுநிரப்பும் அறையும் வேலை மேசையும் அமைப்பது எப்படி? கொழும்பில் செய்யலாமா?

கனடாவிலோ அமெரிக்காவிலோ பழகிவிட்டு ஊர் திரும்பியவர் போலக் கேட்கிறீர்கள். சுட்டு முடிந்த வெற்றுக் கோதில் திரும்ப மருந்து போட்டுத் தோட்டா ஆக்குகிற வேலையைத்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

கொழும்பில் வேண்டாம். சுடுகலன்களுக்கு 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், வெடிபொருட்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம். உரிமம் இல்லாமல் வெடிமருந்து வைத்திருப்பதே குற்றம். துவக்குக்கு அனுமதிப்பத்திரம் இருப்பது, மருந்து நிரப்புவதற்கு அனுமதி ஆகாது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிள்ளைகளைச் சிறைக்குப் பறிகொடுத்த குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன. ஒரு வெற்றுக் கோதுகூட வீட்டில் கிடக்கக் கூடாது என்று எங்கள் அம்மா இன்றைக்கும் சொல்வார். அது வீண் பயம் என்று யாரும் எனக்கு எழுத வேண்டாம்.

மேசை என்று கேட்டதால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் கொட்டாஞ்சேனையில் தச்சு வேலை செய்பவன். அண்ணா கனடாவில் அல்பேர்ட்டா மாகாணத்தில் இருக்கிறார், குறி பார்த்துச் சுடும் போட்டிகளுக்குப் போகிறவர். அவரிடம் போய் நின்ற காலத்தில் வீட்டு நிலவறையில் அவருடைய மேசையைச் செய்து கொடுத்தது நான். இன்றும் அது அசையாமல் நிற்கிறது.

பாரம் தாங்கினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அங்கே பாரம் பெரிய விசயமே இல்லை. சுட்டபோது விரிந்த பித்தளைக் கோதைப் பழைய அளவுக்கு நெருக்குகிற பிரெஸ், மேசையின் முன் விளிம்பில் பூட்டப்படுகிறது. அதன் கைபிடியைக் கீழே அமுக்கினால் மேசையின் பின்பக்கம் எழும்பப் பார்க்கும். திருப்பி மேலே கொண்டுபோகும்போது முன்பக்கம் இழுபடும். இப்படியே நாள் முழுக்க. சாதாரண மேசையின் மூட்டுகள் சில மாதத்தில் கழன்றுவிடும். அதனால் கால்களை நம்பாமல் சுவரை நம்பினேன். அங்கத்தைய சுவருக்குள் 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம் ஓடும். அந்தச் சட்டங்களைத் தேடிப் பிடித்து, பின்விளிம்புக் கட்டையை நீளத் திருகாணியால் அதிலேயே இறுக்கினேன். மேற்பலகைக்கு முக்கால் அங்குலப் பிளைவூட் இரண்டு தட்டு, பசை போட்டு ஒட்டியது. பிரெஸ் பூட்டும் இடத்தின் அடியில் வைரமான மரக்கட்டை ஒன்று.

தராசுக்குத் தனித் தட்டு, அதுவும் பிரெஸ் அதிர்வு போகாத மூலையில். மருந்தை கிரெயின் கணக்கில் நிறுக்கிறார்கள், ஒரு கிரெயின் 0.065 கிராம்கூட இல்லை. ஹீட்டர் காற்று வரும் துவாரம் பக்கத்தில் இருந்தால் முள் நிற்காது. எங்கள் ஊரில் அந்த வேலையை மின்விசிறி செய்யும்.

மருந்துக்கு மர அலமாரி. இரும்புப் பெட்டியில் அடைத்துப் பூட்டினால் தீப்பிடிக்கும் நேரம் அழுத்தம் வெளியேற வழியில்லை, அதுதான் காரணம். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்துக் குப்பி, அதன் சொந்தக் குப்பியிலேயே. நிலத்தில் கம்பளம் கூடாது, ஈயத்தூசி அதற்குள் தங்கிவிடும். கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சாப்பாடு, சிகரெட் இரண்டும் அறைக்கு வெளியே.

துவக்கு ஆசையை வளர்க்கிறாய் என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: அண்ணா சுடுவது காகித இலக்கை. நான் துவக்கைத் தொட்டதும் இல்லை. ஒரு தச்சன் தன் வேலையைப் பற்றிப் பேசுவதில் என்ன தப்பு?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே மேசையை இங்கே மணிக்கூடு திருத்தும் ஒருவருக்குச் செய்யப் போய், மரக்காலை ஒன்றில் காய்ந்த பலா என்று காசு வாங்கிக்கொண்டு பச்சை மரத்தைத் தலையில் கட்டினார்கள். கொழும்பு ஈரக்காற்றில் அது முறுகி, மூட்டு வாய் பிளந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, அறுத்த மரத்தை எடுப்பதில்லையாம். கனடாவில் கடையில் வாங்கும் பலகையிலேயே சூளையில் உலர்த்தியது என்று முத்திரை இருக்கும். இங்கே வாய்ச்சொல்லைத் தவிர வேறொன்றும் கையில் தருவதில்லை. பழி கடைசியில் தச்சன் தலையில்.

மருந்து இல்லாத வேறு நுணுக்க வேலைக்குத்தான் மேசை என்றால், அறையின் நீள அகலத்தையும் சுவர் செங்கல்லா கொங்கிறீட்டா என்பதையும் கருத்தில் எழுதுங்கள். சுவரில் எப்படி இறுக்குவது என்று சொல்கிறேன்.